மண் சுவருக்குப் பலகை போடப் போறீங்களா?

மண் வீடு கட்டிக் குடிபோன நண்பர்கள் இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "உள் சுவருக்குப் பலகை போட்டுக்கலாமா?" பாட்டன் காலத்து மண் வீட்டை இடிக்காமல் வைத்திருக்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால் மூன்று காரணங்கள் வரும். ஒன்று, சுவரில் சாய்ந்தால் சட்டையில் மண் ஒட்டுகிறது. இரண்டு, சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்கிறது, பார்க்க நன்றாக இல்லை. மூன்றாவது காரணத்தை யாரும் சட்டென்று சொல்வதில்லை. காப்பி குடித்து, கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிய பிறகு வரும். "பையனுக்குப் பொண்ணு பாக்குறோம். மண் வீடுன்னா யோசிக்கிறாங்க."

முதல் காரணத்துக்குப் பலகை நல்ல தீர்வுதான். மூன்றாவது அவரவர் குடும்ப விசயம், அதற்கு நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பொண்ணு வீட்டார் வந்து உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் நல்ல மரம் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? இரண்டாவது காரணத்துக்கு மட்டும் பலகை போடவே கூடாது. நிறையப் பேர் போடுவது என்னவோ அந்த இரண்டாவதுக்காகத்தான்.

சுவர் குடிக்கும், காயும்

மண் சுவர் ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். தை பிறந்து காற்று காய்ந்ததும் வெளியே விட்டுவிடும். அடியிலிருந்தும் ஈரம் ஏறும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, மண்ணில் இருக்கிற நுண்ணிய துளைகள் தரையின் ஈரத்தை மேலே கொண்டுபோகின்றன. கருங்கல் கட்டு முழங்கால் உயரத்துக்கு வைத்து, அதன்மேல் மண் வைத்த வீடுகளில் இது குறைவு. தரையிலிருந்தே மண் வைத்த பழைய சுவர்களில் ஓரிரு அடி வரைகூட ஓதம் ஏறியிருப்பதைப் பார்க்கலாம்.

ஏறிய ஈரம் சுவரின் இரண்டு முகத்திலும் ஆவியாகிப் போய்க்கொண்டே இருப்பதால்தான் சுவர் நிற்கிறது. வரவும் செலவும் சரியாக இருக்கிற வரைக்கும் ஆபத்தில்லை. ஈரம் ஆவியாகும் இடத்தில் மண்ணில் இருக்கிற உப்பு பூக்கும், மேல்பூச்சு பொரிந்து விழும். அடிச்சுவர் உதிர்வது காய்ச்சல் மாதிரி. உள்ளே எங்கேயோ கோளாறு என்று உடம்பு சொல்கிறது. அந்த இடத்தில் பலகையை அடித்தால் உதிர்வது கண்ணுக்கு மறையும், கூடவே ஈரம் வெளியேறும் வழியும் பாதி அடைபடும். காய்ந்த மண் சுவர் ஓட்டுக் கூரையைத் தலைமுறைக்கும் தாங்கும். அதே மண் ஊறிப்போனால் தன் எடையையே தாங்காது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஞ்சோஸ் தெ தாவோஸ் என்று ஒரு ஊர். அங்கே 200 ஆண்டுக்கும் மேற்பட்ட தேவாலயம் ஒன்று இருக்கிறது, முழுக்க வெயிலில் காயவைத்த பச்சைக் கல்லால் கட்டியது. ஊர்மக்கள் கூடி மண் பூசிப் பூசிக் காப்பாற்றி வந்தார்கள். 1967-ல், இந்த ஓயாத வேலை எதற்கு என்று வெளிச்சுவருக்கு சிமெண்ட் பூசினார்கள். வெளியே பளிச்சென்று இருந்தது. உள்ளே மண் கல் ஊறிக்கொண்டிருந்தது. கடைசியில் 1979-ல் சிமெண்டை உடைத்தெடுத்துவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றைக்கும் ஆண்டுதோறும் ஊர் கூடி மண் பூசுகிறார்கள்.

பலகை என்ன சிமெண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இன்றைக்குக் கடையில் போய் "வால் பேனல்" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் மரப்பலகை இல்லை. பிளைவுட், எம்.டி.எஃப்., இல்லாவிட்டால் மரம்போலப் படம் அச்சடித்த பி.வி.சி. பின்னால் ஈரம் வரக் கூடாது என்று பிளாஸ்டிக் தாள் ஒன்றையும் சேர்த்து அடித்துக் கொடுப்பார்கள். மண் சுவருக்கு அது சிமெண்டுக்கு அண்ணன்.

அப்படி அடித்த ஒரு வீட்டைப் பார்த்தேன். சிறுமலை அடிவாரத்தில் நம் உழவர் ஒருவருடைய வீடு. ஒன்றரை அடி கனத்தில் செம்மண் சுவர், நாட்டு ஓடு. கூடத்தின் ஒரு சுவர் அடியில் உதிர்கிறது என்று தரையிலிருந்து உத்தரம் வரை பிளைவுட் அடித்திருந்தார்கள். இரண்டு மழைக்காலம் போனது. கூடத்தில் ஒரு மக்கல் வாடை. அவர் அம்மா அந்தச் சுவரோரம்தான் கட்டில் போட்டுப் படுப்பார். இருமல் நிற்கவில்லை. கடைசியில் ஒரு பலகையை நெம்பிப் பார்த்தால், பின்னால் பிளாஸ்டிக் தாள் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பலகையின் முதுகில் கருப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். அடியில் ஒரு அடி உயரத்துக்குச் சுவர் புட்டு மாதிரி இருந்தது, விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. அந்தச் சுவரின் மேல்தான் உத்தரம் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கே நாலு சவுக்குக் கட்டையை உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பெரியம்மாவின் கட்டிலை எதிர்ப்பக்கம் மாற்றினோம்.

கோளாறு எங்கே இருந்தது? சுவருக்கு வெளிப்பக்கம் பாத்திரம் கழுவும் இடம். அங்கே சிமெண்ட் தளம் சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தது. அரை நாள் வேலை, ஒரு மூட்டை சிமெண்ட். தளத்தை உடைத்து வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்ததும் சுவர் காய ஆரம்பித்துவிட்டது. முழுக்கக் காய ஒரு கோடை பிடித்தது. கெட்ட மண்ணைச் சுரண்டி எடுத்து, பச்சைக் கல்லும் மண் சாந்தும் வைத்து அடைத்தார்கள். அடிச்சுவர் உதிர்கிறது என்றால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். இறவாரத் தண்ணீர் எங்கே விழுகிறது, சாரல் எவ்வளவு உயரம் தெறிக்கிறது, மாட்டுத் தண்ணித்தொட்டி எங்கே இருக்கிறது, செடிக்கு ஊற்றுகிறேன் என்று யாராவது சுவரடியில் பாத்தி கட்டி வைத்திருக்கிறார்களா. பலகை அப்புறம்.

எவ்வளவு உயரம்?

மூன்று அடி போதும். உட்கார்ந்தால் தலை படும் உயரம் வேண்டும் என்றால் மூன்றரை.

இது கஞ்சத்தனத்துக்காகச் சொல்வதில்லை. நம் சமவெளியில் மண் வீடு குளுகுளுவென்று இருப்பதற்குக் காரணமே அந்தக் கனமான சுவர்தான். பகல் வெயில் சுவரின் வெளிமுகத்தில் ஏறி, உள்முகத்துக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவில் சன்னலைத் திறந்துவைத்தால் சுவர் குளிர்ந்து, மறுநாள் பகலில் அறையின் சூட்டை உள்வாங்கிக்கொள்ளும். சுவர் இந்த வேலையைச் செய்ய அறைக் காற்று அதன்மேல் பட வேண்டும். நாலு பக்கமும் உத்தரம் வரை பலகை அடித்தால், சுவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு கம்பளியைப் போர்த்திய மாதிரி. அப்புறம் மின்விசிறி போதாது, ஏ.சி. வேண்டும் என்பீர்கள். ஏ.சி. போட்டால் வெளியிலிருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்த பலகைக்குப் பின்னால் தண்ணீராகும். ஏ.சி. அறையில் மண் சுவருக்குப் பலகையே வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. குளிர் காலத்தில் மண் சுவர் சில்லென்று இருக்கும், மரம் அப்படி இருக்காது. அங்கே முழு உயரத்துக்கும் பலகை போடுவதில் பொருள் உண்டு. ஆனால் அடுப்பு மூட்டிய சூடான அறையின் ஈரம் பலகைக்குப் பின்னால் போய், குளிர்ந்த சுவரில் பட்டு வேர்க்கும். அதனால் பின்னால் காற்றோட்டம் அங்கேதான் அதிகம் வேண்டும்.

மண் சுவரில் சாய்ந்தால் துணி அழுக்காவது நமக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. ஜப்பானில் மூங்கில் பின்னலில் மண் அப்பிக் கட்டுகிற சுவர்கள் உண்டு. அங்கேயும் இடுப்பளவு உயரத்துக்குப் பலகை வைப்பார்கள், அதற்குப் பெயரே 'இடுப்புப் பலகை' என்று பொருள்படும் கொஷி-இதா. தேநீர் அருந்துகிற சின்ன அறைகளில் பலகைக்குப் பதிலாகச் சுவரின் அடிப்பகுதியில் தாள் ஒட்டுவார்கள், உட்காருபவரின் உடையில் மண் படாமலிருக்க. சுவரின் மேல்பாதியை மண்ணாகவே விட்டுவிடுகிறார்கள்.

மரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 10-க்கு 12 அடி அறை, இரண்டு கதவு. சுற்றளவு 44 அடியில் கதவுக்கு 6 அடி போனால் 38 அடி. மூன்று அடி உயரத்துக்கு 114 சதுர அடி. முக்கால் அங்குலப் பலகை என்றால் 7 கன அடிக்குக் கொஞ்சம் மேல், கழிவோடு சேர்த்து 9 கன அடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அடி உயரம் முழுக்க அடித்தால் இதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வரும்.

இவ்வளவுகூட வேண்டாம், மண் ஒட்டாமல் இருந்தால் போதும் என்கிறவர்கள் முதலில் சுவரைக் கவனியுங்கள். சலித்த செம்மண்ணும் சாணமும் கரைத்து மெழுகி, காய்வதற்குள் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்து, மேலே கஞ்சித் தண்ணீர் ஒரு கை அடித்தால் பெரும்பாலும் உதிராது. அல்லது கோரைப்பாயோ பனையோலைப் பாயோ ஒரு மூங்கில் சட்டத்தில் கட்டிச் சாய்த்து வைக்கலாம். வேண்டாமென்றால் சுருட்டி எடுத்துவிடலாம். பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஆணி நிக்காது தம்பி

பலகையைச் சுவரில் எப்படி நிறுத்துவது? நத்தம் பக்கத்தில் நாற்பது வருடமாகத் தச்சு வேலை பார்க்கிற ஆசாரி ஒருவரிடம் கேட்டேன்.

"மண்ணுல ஆணி நிக்காது தம்பி. இன்னிக்கி நிக்கும், நாளைக்கி ஆடும், அதுக்கு மறுநா ஆணியோட ஒரு கூடை மண்ணும் சேந்து வரும்."

"ட்ரில் போட்டு பிளாஸ்டிக் பிளக் அடிச்சா?"

"அது செங்கலுக்கும் சிமெண்டுக்கும் உள்ளது. மண்ணு அதப் புடிக்காது. நீங்க புதுசாச் சுவர் வைக்கிறீங்களா, பழைய சுவரா? அதச் சொல்லுங்க முதல்ல."

புதுச் சுவர் என்றால் வேலை எளிது. சுவர் வைக்கும்போதே, பலகை வரப்போகிற உயரத்தில் இரண்டடிக்கு ஒன்றாக மரக்கட்டைகளைப் பதித்துவிட வேண்டும். வேம்பு அல்லது பூவரசில் வைரம் பாய்ந்த கட்டை, முக்கால் அடி நீளம். முன்பக்கம் ஒடுங்கி, சுவருக்குள் போகிற பக்கம் அகன்றிருக்கும்படி சீவி வைத்தால் இழுத்தாலும் வராது. சுவர் காயும்போது மண் சுருங்கிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பழைய சுவருக்கு அவர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. "எடை தரைக்குப் போகணும். சாயாம இருக்க மட்டும் சுவரைப் புடிச்சுக்கிட்டாப் போதும்." மேலே சொன்ன அறைக்கான பலகை தேக்கில் ஏறக்குறைய 130 கிலோ வரும். இதை மண் சுவரில் தொங்கவிடுவது தேவையில்லாத சோதனை. இரண்டடிக்கு ஒன்றாக ரீப்பர் கட்டைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கடப்பைக் கல் துண்டு, தரை ஈரம் மரத்தில் ஏறாமலிருக்க. ரீப்பரின் மேல்முனைக்கு நேரே சுவரில் ஆறு அங்குல ஆழத்துக்குத் துளை. இதைச் சுத்தியலால் தட்டிக் குடையாதீர்கள், சுவர் அதிரும். கைத்துளைப்பானால் மெதுவாகத் திருகுங்கள். துளைக்குள் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பும் மண்ணும் குழைத்த சாந்தை வைத்து, ஒருபக்கம் கூராகச் சீவிய மர முளையை இறக்குங்கள். இரண்டு மூன்று வாரம் காயவிட்ட பிறகுதான் முளையில் ஸ்க்ரூ ஏற்ற வேண்டும்.

மண் சுவர் நூல் பிடித்த மாதிரி இருக்காது. மேலே ஒரு அங்குலம் உள்ளே, கீழே இரண்டு அங்குலம் வெளியே என்றுதான் இருக்கும். சுவரைச் செதுக்கி நேராக்க வேண்டாம். ரீப்பருக்குப் பின்னால் ஆப்புச் சொருகித் தூக்குக்குண்டு பார்த்துக்கொண்டால் பலகை நேராக வந்துவிடும். சுவர் எப்படி வளைந்திருந்தாலும் பலகைக்கும் அதற்கும் நடுவே குறைந்தது ஒரு அங்குல இடைவெளி இருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். பலகையைத் தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கி ஆரம்பியுங்கள். மேலே மூடி வைக்கிற சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் விடுங்கள். ரீப்பர் செங்குத்தாக இருந்தால் பலகை படுக்கைவாட்டில் வரும், காற்று தடையில்லாமல் ஏறும். சிலர் அழகுக்காகப் பலகையைச் செங்குத்தாக வைக்கச் சொல்வார்கள். அப்போது ரீப்பர் படுக்கையாகப் போகும், காற்றுக்கு அதுவே தடுப்பணை ஆகிவிடும். அப்படித்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு ரீப்பரின் முதுகிலும் அரையடிக்கு ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள்.

கீழே திறந்துவிட்டால் எலியும் தேளும் போகாதா என்று பெண்கள்தான் முதலில் கேட்கிறார்கள். போகும். அரை அங்குலத்துக்கும் குறைவான கண் உள்ள கம்பி வலையைக் கீழே எலிக்காகவும், கொசுவலைக் கம்பியை அதன் மேல் தேள், பூரானுக்காகவும் வையுங்கள். மேல் இடைவெளிக்கும் அதே கொசுவலைக் கம்பி. தூசி அடைத்தால் வருடத்துக்கு இரண்டு தரம் துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும்.

மின் கம்பி பலகைக்குப் பின்னால் போவதாக இருந்தால் குழாய்க்குள்தான் போக வேண்டும், இணைப்பு எதுவும் பின்னால் இருக்கக் கூடாது. அடுப்படியிலும் குளியலறைக்கு முதுகு கொடுத்த சுவரிலும் பலகை வேண்டாம்.

எந்த மரம்?

நம் தோட்டத்தில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். வேம்பில் வைரம் நல்லது, கசப்பு இருப்பதால் பூச்சி எளிதில் அண்டாது. ஆனால் சரியாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். பூவரசு உறுதியானது, நீளமான பலகை கிடைப்பதுதான் கடினம். பலா இழைப்புளிக்கு நன்றாகக் கொடுக்கும், முதலில் மஞ்சளாக இருந்து போகப்போகப் பழுப்பேறும். காய்ப்பு ஓய்ந்த மரம் இருந்தால் அதைவிட வீட்டுக்கு அழகு எது? மா, இலவம் வேண்டாம், உளுத்து மாவு கொட்டும். மலைவேம்பு நம்மில் பலர் போட்டிருக்கிறோம், பிளைவுட் ஆலைக்காரர் விலையைக் குறைக்கும்போதெல்லாம் திண்டாடுகிறோம். முதிர்ந்த மரமாக இருந்து, கீழே சொல்கிற வெண்காரக் கரைசலில் முக்கி எடுத்தால் உள்சுவர்ப் பலகைக்கு அதையே பயன்படுத்தலாம். மலைப்பக்கத்தில் காப்பிக்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக்குக்கும் இதே பேச்சுத்தான்.

பனையில் வெளிப்புறக் கருவைரம் இரும்பு. உள்சோறு ஆகாது. பனம்பலகையை நன்றாக இழைக்காவிட்டால் சாய்கிற முதுகில் சிலாம்பு ஏறும். நிற்கிற பனையை இதற்காக வெட்ட வேண்டாம். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். இடித்த வீட்டுப் பனங்கை கிடைத்தால் வாங்குங்கள். பழைய மரம் ஏற்கெனவே சுருங்கி முடித்திருக்கும், இனி முறுக்காது. காரைக்குடியில் வீடு பிரித்த மரத்துக்கென்றே கடைகள் இருக்கின்றன. வாங்கும்போது தட்டிப் பாருங்கள், பொத்தலிலிருந்து மாவு கொட்டினால் விட்டுவிடுங்கள். சொந்தப் பட்டாவில் உள்ள தேக்கை வெட்டுவதானாலும் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கோடரி வையுங்கள்.

அறுத்த பலகையை நிழலில், நடுவே குச்சி வைத்து அடுக்கி, ஆறு மாதமாவது காயவிட வேண்டும். அப்படிக் காய்ந்த பலகையும் மழைக்காலத்தில் அகலவாட்டில் விரியும். ஆறு அங்குல அகலப் பலகை அரை நூலோ ஒரு நூலோ கூடும். நெருக்கி அடித்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிதுங்கும். ஒரு பலகையின் நாக்கு அடுத்ததின் காடிக்குள் தளர்வாக உட்காரும்படி இழைக்கச் சொல்லுங்கள்.

பிளைவுட், எம்.டி.எஃப். பற்றி ஒரு சொல். அவற்றை ஒட்டுகிற பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்தது. படுக்கிற அறையின் நாலு சுவரிலும் அதை ஒட்டிக்கொண்டு நஞ்சில்லா உணவு பேசுவதில் பயன் குறைவு.

கறையான்

பலகை என்றதும் அடுத்த கேள்வி கறையான். ஆசாரியைக் கேட்பதற்கு முன்னால் மருந்துக் கடைக்காரர் பதில் சொல்லிவிடுவார்: குளோர்பைரிபாஸ். சுவரோரம் துளை போட்டு ஊற்றச் சொல்வார். பருத்தியிலும் கத்தரியிலும் வேண்டாம் என்று நிறுத்திய அதே மருந்து. 2025-ல் நாடுகள் கூடி, சில விலக்குகளோடு, ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டிய நஞ்சுகள் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டன. வயலில் அடித்தாலாவது வெயிலும் மழையும் படும். அறைக்குள் ஊற்றியது பலகைக்குப் பின்னால் நம்மோடு குடியிருக்கும்.

மண்ணிலிருந்து ஏறுகிற கறையானுக்கு ஈரம் வேண்டும், மறைவு வேண்டும். காய்ந்த காற்றிலும் வெளிச்சத்திலும் அது நடக்காது. நடக்க வேண்டியிருந்தால் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டுதான் போகும். பலகையைத் தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நாலு அங்குலத்தில் வலைக்குப் பின்னால் சுவர் தெரியும். குழாய் ஏறினால் வீடு கூட்டும்போதே கண்ணில் படும். கண்டவுடன் தட்டிவிட்டு, எந்தக் கீறலிலிருந்து வருகிறது என்று பார்த்துச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். அந்த இடத்தில் ஈரம் எப்படி வந்தது என்றும் பாருங்கள்.

மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் போதும். மூங்கிலுக்குப் பயன்படுத்துகிற அதே கலவை: 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் அமிலம். பலகை அறுத்துப் பச்சையாக இருக்கும்போதே ஒரு வாரம் முக்கி வைத்தால் உள்ளே இறங்கும். காய்ந்த பலகையில் மேலோடு நின்றுவிடும். தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறக்கூடியது என்பதால் வெளிவேலைக்கு ஆகாது, உள்சுவருக்கு நல்லது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளும் மாடுகளும் தொட்டிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீந்த கரைசலைத் தயவுசெய்து வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். போரான் பயிருக்குத் துளியளவு வேண்டிய சத்து, துளி கூடினால் இலை கருகும். பீப்பாயில் மூடி வைத்தால் அடுத்த வேலைக்கு ஆகும்.

மேலே வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிட்டு. வேப்பெண்ணெய் காயாது, பிசுக்கும், அறை முழுக்க நாறும். அதைப் பலகையின் முதுகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முந்திரிக்கொட்டை எண்ணெய் படகுக்கும் உத்தரத்துக்கும் நல்லது, தோலில் பட்டால் கொப்பளிக்கும், ஆள் சாய்கிற இடத்துக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

கடைப் பலகை மாதிரி

பழைய மளிகைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சுருள் கதவு வருவதற்கு முன்னால், எண் எழுதிய பலகைகளை வரிசையாகக் காடியில் செருகிக் கடையைப் பூட்டுவார்கள். காலையில் ஒன்றொன்றாக எடுத்துத் திண்ணையில் சாய்த்து வைப்பார்கள். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் நிரைப்பலகை என்று இதையே சொல்வார்கள். மண் சுவருக்குப் போடுகிற பலகையும் இப்படி இருக்க வேண்டும் என்பது ஆசாரியின் கட்சி. "அடிச்சு மூடுறதுக்கு இது என்ன பொட்டியா? கழட்டிப் பாக்க முடியணும்." பித்தளை ஸ்க்ரூதான், ஆணி கிடையாது. இரும்பு ஆணி ஈரத்தில் துருப்பிடித்து மரத்தில் கருப்பாக வடியும். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் பென்சிலால் எண்.

மேலே மூடுகிற சட்டத்தைக் கழற்றினால் பலகைகள் மேலிருந்து ஒவ்வொன்றாக வர வேண்டும். சிறுமலை உழவர் வீட்டில், சுவர் காய்ந்த பிறகு, அவர்கள் தோட்டத்துப் பலாவில் இப்படித்தான் போட்டார்கள். மூன்று அடி, மூன்று சுவர் மட்டும். கெட்டுப்போன அந்தச் சுவருக்கு இன்னும் போடவில்லை. "இன்னொரு ஐப்பசி போகட்டும்ணே" என்று அந்த வீட்டு மருமகள் சொல்லிவிட்டாள். ஆம், பொண்ணு அமைந்துவிட்டது.

வேலையை மாசி, பங்குனியில் வையுங்கள், சுவரும் பலகையும் காய்ந்திருக்கும் காலம். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு முழச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளைச் சுவரின் அடியில் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் அந்தச் சுவருக்கு இந்த வருடம் பலகை இல்லை. வேர்க்காவிட்டால், சுவருக்குச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்துவிட்டு ரீப்பர் நிறுத்தலாம். போட்ட பிறகு முதல் இரண்டு வருடம், கார்த்திகைத் தீபம் முடிந்த வாரத்தில் ஒவ்வொரு சுவரிலும் கடைசிப் பலகை வரை கழற்றி, உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள். மூக்குக்குத்தான் பூஞ்சணம் முதலில் தெரியும்.